செய்மதி சொன்ன சேதி

குலை தள்ளின என் வாழைகளை யானை மிதித்துவிட்டுப் போன கிழமை அது. மிஞ்சினது இரண்டே இரண்டு மரம். திருகோணமலையில் தம்பலகாமம் பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன் இருக்கையில் ஒரு வயல்காரர். அவருக்குப் பக்கத்தில் மரக்கறிப் பையோடு ஒரு பெண்.

"இந்தமுறை வைக்கலைக் கொளுத்தேலாது, தங்கச்சி. செய்மதி பாக்குதாம்," என்றார் அவர்.

"செய்மதியோ? அது ஆரின்ர மகள்?"

"மகளில்லை, வானத்தில சுத்துற சாமான். எங்கெங்க புகையால காபனீரொட்சைட்டு வாயு கூடுதெண்டு பாக்குமாம். என்ர மகள்தான் சொன்னவள்."

"அது உங்கட வயலை எங்க பாக்கப்போகுது! பக்கத்து வயல்ல நிண்டு எங்கட அண்ணன் மூண்டு வருசமாப் பாக்கிறார். அவற்ற மாடுகள் வைக்கலில்லாமல் பால் வத்திப்போச்சு. அவரோட வந்த வயல் வரம்புச் சண்டைக்காக நீங்கள் அதைக் குடுக்காமல் கொளுத்துறியள்."



"நாளைக்கு அண்ணனை ட்ரக்டரோட வந்து வைக்கலை ஏத்தச்சொல்லுங்கோ."

அவள் சிரித்துவிட்டாள். "மாடு விடுற மூச்சையும் செய்மதி பாக்குமோ?"

"பாத்திட்டுப் போகட்டும்."

"நீங்கள் தந்ததெண்டு அண்ணனிட்டச் சொல்லட்டோ?"

"சீச்சீ, வேண்டாம். செய்மதி சொன்னதெண்டு சொல்லிவிடுங்கோ."