நடு லேனில் நிற்காத அண்ணி

சங்ககிரியிலிருந்து சேலம் போகும் பேருந்தில் மதிய வெயிலுக்குப் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். எனக்கும் கண் செருகியபோது முன் இருக்கைப் பெண்ணின் குரல் கேட்டது.

"நேத்து ஏழு தடவ செத்தீங்க அண்ணி."

விழித்துக்கொண்டேன். இரண்டு பெண்களுக்கு நடுவே ஒரு கைப்பேசி இருந்தது. அதில் ஏதோ சண்டை விளையாட்டு: ஒரு காடு, ஓர் ஆறு, மூன்று பாதைகள், பாதையோரம் கோபுரங்கள்.

"அண்ணனும் நாமளும் சேந்து ஆடற அஞ்சு பேரு டீம்ல உங்களுக்குக் குடுத்தது நடு லேனுங்க. டவர உட்டு நகரக்கூடாது."

"செரி அம்மிணி."

"செத்துட்டாப் பதறாதீங்க. மறுபடி உசுரு வர்ற வரைக்கும் மேப்பப் பாருங்க. யாரு எங்க இருக்கறாங்கன்னு தெரியும்."

"அதத்தான் பாக்கறேன். உங்கண்ணன் ஆத்தோரமாப் போறது தெரியுது."

"தெரிஞ்சதும் பின்னாலயே ஓடிர்றீங்க. டவர் போயிருது, டீமே தோக்குது. இன்னைக்கும் இப்படின்னா வேற ஆளப் போட்டுக்கலாம்னு அண்ணனோட லாரி சிநேகிதங்க சொல்லிட்டாங்க."

அண்ணி சன்னல் பக்கம் திரும்பினார். பேருந்தை முந்திக்கொண்டு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே போய்க்கொண்டிருந்தன.

"அவரு லோடு ஏத்திட்டு நாக்பூர் போயி பதினெட்டு நாளாச்சு அம்மிணி. ரெண்டு பேரும் ஆத்தோரமா நடக்கறதுக்கு எனக்கு வேற எடம் எங்க இருக்குது?"

பேருந்து ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. சின்னவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு நிமிசம் போயிட்டு வந்துருங்க அண்ணி. அதுவரைக்கும் உங்க டவர நான் பாத்துக்கறேன்."