ஒரு கோப்பை பார்லிச் சாறு

வனிலா பிஸ்கட்டை அரை வேக்காட்டில் அடுப்பிலிருந்து எடுத்துவிட்டால், திரும்ப வைத்து வேகவைக்க முடியாது. ஓரம் கருகிப்போகும், நடு மாவாகவே நிற்கும். உங்களுக்குச் சமையல் வருமோ என்னவோ, டாக்டரம்மா, அதனால் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை எனக்கு ஒரு தட்டு முழுவதும் அப்படிப் பாழானது. என் கணவன் ஓல்டா, பீர் காய்ச்சத் தானே கட்டிய மின்சார அடுப்பைக் கொட்டகையில் முதல் தடவையாகப் போட்டான். வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது.

"மிலு, உன் அடுப்ப அணைச்சிடு. ரெண்டும் ஒண்ணா ஓடினா ஃபியூஸ் தாங்காது" என்று கத்தினான்.

"பிஸ்கட் உள்ள இருக்கு, ஓல்டா."

"பிஸ்கட்ட நாளைக்குச் சுட்டுக்கோ. பார்லி ஊறிட்டிருக்கு. சூடு இறங்கினா எல்லாம் போச்சு."

அணைத்தேன். அந்த வீட்டில் எதை எப்போது அணைப்பது என்று அதுவரை முடிவு செய்தவள் நான்தான்.

அவன் எப்படி மறுபடி குடிக்க ஆரம்பித்தான் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நான் பட்ட பாட்டையும் நீங்கள் கேட்க வேண்டும். மதுக்கடை வாசலிலிருந்து அவனைத் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அவன் வாந்தியைக் கழுவியிருக்கிறேன். மேஸ்திரிக்கு போன் போட்டு, சளிக்காய்ச்சல் என்று வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறேன். திரெபீச் பக்கத்துச் சின்ன ஊர் எங்களுடையது. ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு வழி விடுவார்கள். "பாவம் மிலுஷே, அவ இல்லாட்டி அவன் என்னைக்கோ மண்ணுக்குள்ள போயிருப்பான்" என்பார்கள். அது உண்மையும்தான்.

பிறகு உங்கள் மருத்துவமனை. திரும்பி வந்தவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. வீட்டிலிருந்த பாட்டில்களை எல்லாம் அவனே சாக்கடையில் கொட்டினான், முகச்சவர வாசனைத் தண்ணீர் உட்பட. எனக்கு சந்தோஷம்தான், அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஊரே அவன் முதுகில் தட்டிக்கொடுத்தது. என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்றாகிவிட்டது. வரிசையில் நானும் எல்லோரையும் போல நின்றேன்.

மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்த பிஸ்கட் ரம்மை மட்டும் யாரும் கொட்டவில்லை. எங்கள் பக்கம் பீரையே குடி என்று சொல்ல மாட்டார்கள். வருஷத்துக்கு நாலு ஸ்பூன் மாவில் விடுகிற ரம்மை யார் சாராயம் என்று நினைப்பார்கள்?

பீர் அடுப்பு யோசனை பக்கத்து வீட்டு இவோவுடையது. மூடிப்போன பள்ளிச் சமையலறையிலிருந்து பெரிய பானைகள் வந்தன. ஓல்டா எலக்ட்ரீஷியன் அல்லவா, அவற்றில் ஹீட்டர் கம்பிகள் பொருத்தினான், ஒரு பம்ப் வைத்தான், சூட்டை எண்களாகக் காட்டும் பெட்டி ஒன்றையும் செய்தான். அவன் கை நடுங்காமல் ஸ்க்ரூ முடுக்குவதைப் பார்க்க விசித்திரமாக இருக்கும். இவோவின் பெரியப்பா மகன் ப்ர்னோவில் சின்னதாக பீர் ஆலை தொடங்குகிறான். முதலில் காய்ச்சும் இந்த பீர் சரியாக வந்தால் ஓல்டாவுக்கு அங்கே வேலை, தங்க அறை. அந்தச் சனிக்கிழமை காலை காப்பியின்போதுதான் என்னிடம் சொன்னான்.

"நீ வரணும்னு இல்ல மிலு. என்னால நீ பட்டது போதும். இனிமேலாவது உன் பாட்டுக்கு நிம்மதியா இரு."

அன்பாகத்தான் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

மத்தியானம் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். நல்ல குளிர். பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"வாங்க மிலுக்கா" என்றான் இவோ. "பீர் குடிக்காம பீர் காய்ச்சற ஆள இந்த தேசத்துலயே இங்கதான் பாக்கலாம். டிக்கெட் போட்டா பஸ் பஸ்ஸா வருவாங்க."

"உன் வாய்க்கும் ஒரு ஃபியூஸ் போடணும்டா" என்றான் ஓல்டா. குழாயைத் திறந்து ஒரு கோப்பையில் பார்லிச் சாறு பிடித்து என்னிடம் நீட்டினான். "குடிச்சுப் பாரு. இன்னும் புளிக்கவே வைக்கல. பச்சக் குழந்தைக்குக் குடுக்கலாம்."

தேன் கலந்த கஞ்சி போல இருந்தது. அவனும் குடித்தான். எங்கள் கல்யாண போட்டோவில்கூட அவன் முகம் அவ்வளவு மலர்ந்து இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, எரிந்தது.

"ஒரு ஜாடி பிடிச்சுக் குடு. தட்டுல ஒழுங்கா வச்சுக் கொண்டு வரேன்" என்றேன்.

சமையலறையில் இரண்டு கோப்பைகளில் ஊற்றினேன். இவோவின் கோப்பையில் வெறும் சாறு. ஓல்டாவின் கோப்பையில் பாதி சாறு, பாதி ரம். இரண்டுமே இனிப்பு, இரண்டுமே பழுப்பு நிறம்.

முதல் வாயிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இவோ பெட்டியில் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓல்டா என்னைப் பார்த்தான். அவன் துப்பியிருக்கலாம், டாக்டரம்மா. கோப்பையை என் முகத்தில் வீசியிருக்கலாம். நான் அவன் வாயைப் பிடித்துத் திறக்கவில்லை. விழுங்கினான். கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் கடைசிவரை குடித்தான். பிறகு காலிக் கோப்பையை என்னிடம் நீட்டினான்.

பாட்டில் என் ஏப்ரன் பையில் இருந்தது.

இருட்டுவதற்குள், இவோ வீட்டுப் பக்கம் போயிருந்த நேரத்தில், பானை பொங்கி வழிந்து கம்பிகள் தீய்ந்துவிட்டன. ஓல்டா கொட்டகைத் தரையில் கிடந்தான். இவோ என்னென்னவோ கேட்டு உலுக்கிக்கொண்டிருந்தான். நான்தான் தோள் கொடுத்துத் தூக்கினேன். அவனை எங்கே பிடித்தால் எழுவான் என்று எனக்குத்தான் தெரியும்.

ப்ர்னோவுக்கு வேறு ஆள் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குத் தொடங்கியவன் பிறகு குடியை நிறுத்தவே இல்லை. அவன் நிலைமை உங்களுக்கே தெரியும், வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு உள்ளறையில் கிடக்கிறான். மகள் ரெனாத்தா வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறான். என் கையிலிருந்து மட்டும் சூப் வாங்கிக்கொள்வான். நான் நகர்ந்தால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான். எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது. முதுகு விட்டுப்போய்விட்டது. ஆனாலும் அவனை வேறு யாரிடமும் விடமாட்டேன், அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

நேற்று இவோ வந்தான். அடுப்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். "என்னாலதான்க்கா. குடிய விட்டவன நான்தான் பானைகிட்டக் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த வாசனைதான் அவன இழுத்துருச்சு. சாகற வரைக்கும் எனக்கு இது ஆறாது."

நான் அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். அவனை மன்னித்துவிட்டதாகச் சொன்னேன். யார் மேலும் மனதில் எதையும் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது, டாக்டரம்மா.