லேடிஸ்மித்தில் எச்சரித்தவனும் நானும்

"குத்திட்டான். உள்ளுக்குப் போங்கோ."

கத்துவது நான். இராணுவ முகாமில் ஷெல் புறப்படும் ஓசை, அதைத்தான் குத்து என்போம். பூட்டிய கதவை ஒருமுறை தட்டியது போல. கேட்டதும் எண்ணுவேன். ஒன்று. இரண்டு. பதினான்கில் விழும். என் குரலுக்கு எங்கள் ஒழுங்கை, அந்தக் குறுந்தெரு முழுக்கவே, பதுங்குகுழிக்குள் இறங்கும். யாழ்ப்பாணம், 1990. முற்றுகையின் மூன்றாம் மாதம்.

அக்கா உள்ளே இருந்து நக்கலடிப்பாள். "வாத்தியார் கணக்குத் தொடங்கிட்டார். ஒருத்தரும் கதையாதேங்கோ."

2003. ஜெர்மனியில் ஹம் நகரம். முதியோர் இல்லத்துச் சமையலறை. உருளைக்கிழங்கு சீவுகிறேன். பக்கத்தில் கூட வேலை செய்யும் பத்மா. தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் அவள் ஊர். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழரின் வழிவந்தவள். தமிழ் அவளிடம் இல்லை. ஜெர்மனில் சொல்கிறாள். நூறு வருடத்துக்கு முன் அவள் ஊரையும் படை வளைத்தது. நூற்றுப் பதினெட்டு நாள். குன்றில் பீரங்கி. சனம் ஆற்றங்கரையைக் குடைந்து உள்ளே கிடந்தது. இந்தியக் கூலியாள் ஒருவன் மட்டும் வெளியே நின்றான். புகையைக் கண்டதும் எச்சரித்தான். அவனால் தப்பியோர் பலர். ஊர் இன்னும் அவனைப் பேசுகிறது.

உங்கள் ஊரிலும் அப்படி யாராவது இருந்தார்களா என்று கேட்டாள்.

ஓம் என்றேன். தமிழில். அவளுக்கு விளங்கவில்லை. மறுபடி சொல்லவில்லை.

அகதி விசாரணையிலும் சொல்லவில்லை. ஷெல் விழுந்தது, அக்கா செத்துப்போனாள். அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் அந்த நாள், காலை ஒன்பது மணி. குத்தும் சத்தம். குசினியில் கஞ்சி கொதிக்கிறது. குழி வாசலில் அக்கா.

"தம்பி, பானையை இறக்கிப்போட்டு வர நேரமிருக்கோ?"

"ஓம் அக்கா. பதினாலு இருக்கு. ஓடுங்கோ."

ஓடுகிறாள். அன்றைய சத்தம் வேறு. காதைக் கீறியது. பீரங்கியை முதல்நாள் கிட்டக் கொண்டுவந்திருந்தார்கள். பிறகுதான் தெரியும். ஆனால் சத்தம் மாறியதைக் கேட்டேன். கேட்டும் பழைய கணக்கையே எண்ணினேன். ஐந்து. ஆறு.

ஏழில் விழுந்தது.

இழந்தவை. குசினி, கூரையோடு. முருங்கை மரம் ஒன்று. பால்மாடு ஒன்று. அக்கா, வயது முப்பத்தொன்று. பக்கத்து வீட்டு மரியம்மா, வயது நாற்பது. தனியே பானை இறக்க ஏலாது என்று அக்காவின் பின்னால் போனவர். நேரமிருக்கு என்று நான் சொன்னது அவருக்கும் கேட்டிருந்தது.