தங்கச்சியின் கைப்பை

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குக் கொஞ்சம் முன்னதாகவே பசித்துவிடும். இந்த ஓராண்டில் வந்த பழக்கம். மொழிபெயர்ப்பாளரை வரவழைத்ததற்கு நன்றி. ஆங்கிலம் எனக்கு நன்றாகவே வரும், பத்து வயதிலிருந்து லண்டன்தான். ஆனால் அந்த வீட்டில் நடந்ததெல்லாம் தமிழில் நடந்தது. தமிழில் சொன்னால்தான் சரியாக இருக்கும் என்று தோன்றியது.

என் பெயர் கோதை. அப்பா சேஷாத்ரி ஒரு வங்கியில் கணினி வேலை பார்க்கிறார். அம்மா மருத்துவர். அம்மாவைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். என்னை ஒருநாளும் அடித்ததில்லை, அதிகம் தொட்டதும் இல்லை. ஷிப்ட் போகும் முன் சாதம், குழம்பு, பொரியல் எல்லாம் டப்பா டப்பாவாகப் பெயர் ஒட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போவார். வேண்டியதை எடுத்து நானே சூடு பண்ணிக்கொள்வேன். பலபேருக்கு அதுகூடக் கிடைப்பதில்லை.

எங்கள் கல்லூரியில் தமிழ்ப் பெண்களுக்கென்று ஒரு வட்டம் இருக்கிறது. அக்கா வட்டம் என்று பெயர். அமெரிக்கப் படங்களில் வருவதுபோல் தனி வீடு, வாசலில் கிரேக்க எழுத்து எல்லாம் எங்களுக்குக் கிடையாது. புதன்கிழமை மதியம் வகுப்பு இருக்காது. அப்போது காலியாகக் கிடக்கும் ஏதாவது அறையில் கூடி ஆடுவோம், சாப்பிடுவோம், வம்பளப்போம். புதிதாகச் சேரும் ஒவ்வொருத்திக்கும் ஓர் அக்காவைச் சீட்டுப் போட்டு எடுப்போம்.

அக்காவுக்கு இரண்டு கடமைகள். முதலாவது, தங்கச்சியின் வீட்டுக்குப் போய் அவள் அம்மா கையால் ஒருமுறை சாப்பிட வேண்டும். யாழ்ப்பாணத்துத் தாய்மார் பெண்பிள்ளையை லேசில் வெளியே விடமாட்டார்கள். ஆரோட போறாய் என்று கேட்டால், அக்காவோட என்ற பதில் எடுபட வேண்டும். அதற்கு அந்த அக்காவின் முகம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, தங்கச்சி மேடையேறினால் அவளுடைய கைப்பை அக்காவின் தோளில்தான் தொங்க வேண்டும். எப்போதோ ஒரு விழாவில் உடை மாற்றும் அறையில் ஒருத்தியின் சங்கிலி காணாமல் போனதாம், அதிலிருந்து வந்த வழக்கம். பையை யாரிடமும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. இதில் மட்டும் எல்லோரும் மிகக் கண்டிப்பு.

போன அக்டோபரில் எனக்கு விழுந்த சீட்டு ஜதுர்ஷிகா. ஜது என்போம். குட்மேய்ஸில் வீடு, ஒரே பிள்ளை, சளசளவென்று பேசுவாள், சிரித்தால் அறை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவள் அம்மாவின் பெயர் கனகாம்பிகை. நான் போன அன்று கதவைத் திறந்தவர், கையில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவைச் சேலையில் துடைத்துவிட்டு என் இரண்டு கன்னங்களையும் பிடித்தார்.

"வாங்கோ பிள்ளை. நீங்கள் சைவம் எண்டு ஜது சொன்னவள். அதான் இண்டைக்கு வீட்டில மீனே எடுக்கேல்லை. இருங்கோ, முதல்ல சாப்பிடுங்கோ."

கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், பருப்பு, சொதி. அலமாரியிலிருந்து தங்கக்கரை போட்ட விருந்தாளித் தட்டை எடுத்து எனக்குப் பரிமாறினார். ஜதுவுக்கு ஒரு நீலக்கோட்டுத் தட்டு. சின்ன வயதிலிருந்து அவள் சாப்பிடுவது, விளிம்பு உடைந்தது. அதில் சோற்றைப் பிசைந்து, பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு, முதல் வாய் அவரே ஊட்டினார். ஜது ஃபோனைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் ஜதுவின் கைப்பையைத் திறந்து, ஆஸ்துமாவுக்கு வாயில் வைத்து உறிஞ்சும் ஒரு நீலப் பம்பை எனக்குக் காட்டினார்.

"இவளுக்குச் சின்னனில இருந்தே தொய்வு. இழுக்கத் தொடங்கினா இது உடனே வேணும். மேடையில ஏறேக்குள்ள பை உங்களிட்டத்தானே இருக்கும்? பிள்ளையை உங்கட கையில தாறன்."

"நான் பாத்துக்கிறேன் ஆன்ட்டி" என்றேன். அப்போது அதை மனசாரத்தான் சொன்னேன்.

அதன்பின் ஞாயிறுதோறும் போக ஆரம்பித்தேன். ஒருமுறை போனால் போதும் என்பதுதான் வழக்கம், ஆனால் அவர் விடவில்லை, நானும் மறுக்கவில்லை. எனக்காக வெள்ளியோடு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வீட்டில் சைவமாயிற்று. "அக்கா, உங்களால எனக்கு மீன் குழம்பு போச்சு" என்று ஜது கேலி செய்வாள். அதைக் கேட்க எனக்கு உள்ளூர இனித்தது. ஹாரோவிலிருந்து இரண்டு ரயில் மாறி வருவேன். மழையில் நனைந்து போனால் கனகாம்பிகை ஆன்ட்டி என் தலையைத் துவட்டிவிடுவார். ஜதுவின் தலையைத் துவட்டிய பிறகு, அதே துவாலையால்.

பொறாமை என்று சொல்கிறீர்கள். சொல்லுங்கள், நான் மறுக்கவில்லை. பொறாமைதான். ஆனால் அவள் உடையைப் பார்த்தோ ஆட்டத்தைப் பார்த்தோ எனக்கு வந்ததில்லை. அவள் அம்மாவிடம் எரிந்து விழுவாள். "சும்மா இரணை அம்மா" என்று கத்திவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். ஆன்ட்டி சிரித்துக்கொண்டே அவளுடைய தட்டை மூடி வைப்பார். என்னிடம் மட்டும் எப்போதும் வாங்கோ, இருங்கோ, போயிட்டு வாங்கோ. மரியாதை குறைந்ததே இல்லை. எச்சில் கையோடு என்னை அதட்ட மாட்டாரா என்று ஏங்கிப் போவேன். ஒருநாள் வேண்டுமென்றே சொதியைக் கவிழ்த்தேன். "பரவாயில்லை பிள்ளை, நீங்கள் எழும்பாதேங்கோ" என்று அவரே துடைத்தார். ஜது கவிழ்த்திருந்தால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும்.

மார்ச்சில் எங்கள் ஆண்டு விழா. மனோர் பார்க் பக்கம் ஒரு மண்டபத்தை எடுத்திருந்தோம். நிகழ்ச்சிப் பொறுப்பு என்னுடையது. கடைசி நடனத்துக்குப் புகை இயந்திரம் வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அந்த நடனத்தில் ஜதுவை முன்வரிசைக்கு மாற்றியதும் நான்தான். அவள் சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு, "அக்கா, புகை எனக்கு ஒத்துவராது. கிட்ட வைக்க மாட்டியள்தானே?" என்று கேட்டாள்.

"கொஞ்சந்தான்டி. பம்ப்தான் என்கிட்ட இருக்கே" என்றேன்.

உண்மையிலேயே இருந்தது. மேடையேறும் முன் அவள் பையை என் தோளில் மாட்டிவிட்டுப் போனாள். திரைக்குப் பின்னால் நின்று பையைத் திறந்து, பம்பை எடுத்து, என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பையை மூடிவிட்டேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். அவளுக்குக் கொஞ்சம் இழுக்கும். எல்லோரும் பதறுவார்கள். பையைக் கொட்டித் தேடுவார்கள், கிடைக்காது. அப்போது நான், கீழே விழுந்து கிடந்தது என்று சொல்லி, எடுத்துக் கொடுப்பேன். ஆன்ட்டி முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். என் பிள்ளையைக் காப்பாற்றின பிள்ளை என்று அன்றைக்காவது என்னைக் கட்டிக்கொள்வார். ஒரு தாயிடமிருந்து இதை எதிர்பார்ப்பது பெரிய ஆசையா என்று நீங்களே சொல்லுங்கள்.

பாதி நடனத்தில் ஜது உட்கார்ந்துவிட்டாள். அதுவும் ஒரு அசைவு என்று நினைத்துச் சபை கைதட்டியது. பிறகு பாட்டு நின்றது. எங்கள் தலைவி அருள்மலர் ஓடிவந்து என் தோளிலிருந்து பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினாள். சீப்பு, சாவி, ஃபோன், வளையல்கள். பம்ப் இல்லை. யாரோ ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள். யாரிடமாவது பம்ப் இருக்கிறதா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். நான் கோட்டுப் பைக்குள் கையைவிட்டு அதைப் பிடித்துக்கொண்டேன். இப்போது எடுக்கலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அப்போது ஆன்ட்டி மேடையேறி வந்தார். ஒரு செருப்பு படியிலேயே கழன்றுவிட்டது. என்னைத் தாண்டித்தான் போனார், அவர் முழங்கை என் மேல் இடித்தது, நான் நிற்பதே அவர் கண்ணில் படவில்லை. ஜதுவை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ர குஞ்சு, என்ர செல்லம், அம்மா இருக்கிறன், அம்மாவைப் பார்" என்றார்.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. ஜது அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள், என் கோட்டுப் பையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் கையை வெளியே எடுக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வரும்போது அவளிடம் மூச்சுச் சத்தமே இல்லை.

விசாரித்தார்கள். வீட்டுச் சமையலறை இழுப்பறையில், ஆன்ட்டி அதை லாச்சி என்பார், இன்னொரு நீலப் பம்ப் கிடந்தது. அந்த வீட்டில் நாலைந்து இருந்தன. ஆகவே அன்று பையில் வைக்க மறந்துவிட்டார்கள் என்று முடிவாயிற்று. அந்தப் பையை அன்று காலையில் அடுக்கியது ஆன்ட்டி. வைத்த ஞாபகம் இருக்கிறது என்றார் முதலில். பிறகு இருந்த மாதிரி இருக்கிறது என்றார். லாச்சியைப் பார்த்த பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டார்.

"நான்தான் பிள்ளை அவளைச் சாகடிச்சன். என்ர கையாலதான்" என்று என் தோளில் விழுந்து அழுதார். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "மறதி யாருக்கும் வரும் ஆன்ட்டி. உங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல" என்றேன். அவர் என் கையைப் பிடித்து முத்தமிட்டார். என்னை மன்னிச்சிட்டியள் பிள்ளை என்றார். நான் மன்னித்தேன்.

அதன்பிறகு வந்த மாதங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். நான் போகாவிட்டால் அவர் சமைக்கமாட்டார் என்று ஜதுவின் அப்பா யோகராஜா அங்கிள் ஃபோன் பண்ணுவார். சனிக்கிழமையும் போனேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு ஒருநாள், ஆன்ட்டி அந்த நீலக்கோட்டுத் தட்டைக் கழுவி என் முன்னால் வைத்தார். "இதில சாப்பிடு" என்றார். விளிம்பு உடைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே சாப்பிட்டேன். இரண்டாவது தரம் கேட்காமலே போட்டார். வேண்டாம் என்றதற்கு அதட்டினார். ரயிலில் வீட்டுக்கு வரும்போது சிரித்துக்கொண்டே வந்தேன், எதிரில் இருந்தவர் என்ன என்று கேட்டார். அம்மா திட்டினாங்க என்றேன்.

இந்த அக்டோபரில் மறுபடி சீட்டுப் போட்டோம். எனக்கு ஓவியா விழுந்தாள். மதுரைப் பெண், படிக்கத் தனியாக வந்திருக்கிறாள், அம்மா அங்கே. அவளுக்கு இங்கே வீடு இல்லையே, யார் கையால் நான் சாப்பிடுவது? இதைப் பேச்சுவாக்கில் சொன்னபோது ஆன்ட்டி, "அந்தப் பிள்ளையை இங்க கூட்டி வா. நான் தாய் மாதிரிச் சமைச்சுத் தாறன்" என்றார். நானே கூட்டிக்கொண்டு போனேன். அது என் பிழை.

நேற்று, ஞாயிறு. ஓவியா கதவைத் தாண்டியதும், "ஆன்ட்டி, எங்க வீட்டு வாசனை அடிக்குது" என்று சொல்லி அழுதுவிட்டாள். அவ்வளவுதான். ஆன்ட்டி அவளை அணைத்துக்கொண்டு, "அழாதை என்ர குஞ்சு" என்றார். எத்தனையோ ஞாயிறுகளாக என்னிடம் சொல்லாத சொல், வந்த அன்றே அவளுக்குக் கிடைத்தது. பிறகு மேசைக்கு வந்தோம். நீலக்கோட்டுத் தட்டை ஓவியாவுக்கு வைத்தார். எனக்கு அலமாரியைத் திறந்து தங்கக்கரைத் தட்டை எடுத்தார்.

"குறை நினையாதை. இந்தப் பிள்ளை தாயைப் பிரிஞ்சு வந்திருக்குத்தானே" என்றார். சரிதான் என்றேன்.

திரும்பும்போது ரயிலில் ஓவியா என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். டிசம்பர் விழாவில் ஆடப் போகிறாளாம். "அக்கா, ஒரு விஷயம். எனக்கு வேர்க்கடலை ஆகவே ஆகாது. எண்ணெய் பட்டாக்கூடத் தொண்டை அடைச்சிடும். அப்படி ஆனா உடனே போட்டுக்க பையில ஊசி வெச்சிருக்கேன். மேடை ஏறும்போது பை உங்ககிட்டதானே இருக்கும்?" என்று கேட்டாள்.

ஆமா, என்கிட்டதான் இருக்கும் என்றேன். ஊசி பையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டேன். உள்ஜிப்புக்குள் என்றாள். விழாவன்று சாப்பாடு எந்தக் கடையில் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து, டப்பாவைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு, நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் நேராக இங்கே, போலீஸுக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் வந்தேன். ஓவியாவைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான். தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது அக்காவின் கடமை, அதில் நான் குறை வைத்ததில்லை. இதோ அந்தப் பம்ப். அந்தக் கோட்டை நான் பிறகு துவைக்கக்கூட இல்லை. ஜதுர்ஷிகாவைக் கொன்றது நான்தான். இதை அவள் அம்மாவிடமும் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பையில் பம்பை அவர் வைத்துத்தான் இருந்தார், மறக்கவில்லை என்று தெரிந்தால் அவருக்கு நிம்மதியாக இருக்கும். என்னை முதலில் திட்டுவார். திட்டட்டும்.

அப்புறம் ஒன்று. இந்த ஞாயிறு வரக் கொஞ்சம் தாமதமாகும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நீலக்கோட்டுத் தட்டை வேறு யாருக்கும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம், நான் வந்துவிடுவேன்.