பயிற்சியாளர் அறையில் நான் எடுத்த ஊசி மருந்து

அணியில் என்னை ‘நெட்டை’ என்று கூப்பிடுவார்கள். வயது இருபத்து நான்கு. மகளிர் விளையாட்டு விடுதியின் இரண்டாம் மாடியில் என் தங்கையுடன் வசித்து வருகிறேன். நான் ஈட்டி எறிபவள், அவள் குண்டு எறிபவள். என் மீது திருட்டுப் புகார் கொடுத்திருப்பவர் எங்கள் இருவரின் பயிற்சியாளர்.

சென்ற ஆண்டு என் தோளில் தசை கிழிந்தபோது, சீக்கிரம் ஆறுவதற்கான சத்து ஊசி என்று சொல்லி, அவரே தினமும் என் வயிற்றில் ஊசி போட்டு வந்தார். தோள் ஆறிய பிறகும் நிறுத்தவில்லை. அதன் பிறகு என் காலணிகள் ஒவ்வொன்றாகக் காலில் நுழையாமல் போயின, மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது, காலையில் விரல்கள் மரத்துப்போய் சீப்பு கையில் நிற்கவில்லை. நான் விடாமல் கேட்கவும், “வளர்ச்சி ஹார்மோன்தான், இப்ப என்ன? உன் உடம்புல தானா சுரக்கறதுதானே” என்றார். அன்றோடு ஊசிக்கு மறுத்துவிட்டேன்.

அதன் பிறகு ஊக்கமருந்துச் சோதனை மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். ஊசி போட்டுவந்த காலத்திலேயே என் இரத்தத்தை எடுத்துச் சோதித்து, சுத்தம் என்று முடிவு சொன்னவர் அவர். உடம்பே சுரக்கும் பொருளோடு கலந்துவிடுவதாலும், ஊசியில் ஏறியது சீக்கிரமே இரத்தத்தைவிட்டுப் போய்விடுவதாலும் பிடிப்பது கடினம் என்று விளக்கினார். “நீங்க சொல்றத நம்பறேம்மா. உங்க ரத்தம் வாயே திறக்கலையே” என்றார்.

அதன் பிறகு, சென்ற மாதம் ஒரு காலை, தங்கை உடை மாற்றும்போது அவள் வயிற்றில் புதிதாக ஊசி குத்திய தடத்தைப் பார்த்தேன். “இப்பத்தான் சார் போட்டாரு அக்கா, சத்து ஊசி” என்றாள். நேராகப் பயிற்சியாளர் அறைக்குப் போனேன். அவர் கதவை மறித்து, “வாயைத் திறந்தா உன் பதக்கம்தான் போகும். என்னை எவனும் ஒண்ணும் புடுங்க முடியாது” என்றார். அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போய், குளிர்பெட்டியில் பால் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் இருந்த மருந்துப் பெட்டியை எடுத்தேன். தள்ளியதில் அவர் முழங்கை மேசையில் இடித்தது உண்மை. வருத்தமில்லை.

அதன் பிறகு பெட்டியை ஐஸ் குடுவையில் வைத்து, ஒரு கையில் அதையும் மறு கையில் தங்கையையும் பிடித்துக்கொண்டு, மைதானத்தில் அத்தனை பேரும் பார்க்க நடந்து, அந்த மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் உடனே அவள் இரத்தத்தை எடுத்தார். அதில் ஹார்மோன் பிடிபட்டது. பயிற்சியாளரோடு சேர்த்து அவளுக்கும் இப்போது தடை. “நீதான்க்கா என்னை மாட்டிவிட்ட” என்று சொல்லிவிட்டு, கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பேசுவதில்லை. அவள் பேசாமலிருந்தாலும் நான் மறுபடி அதையேதான் செய்வேன். என் பதக்கங்களைக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். திருடி என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மேலே உள்ள வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ‘ஆத்திரத்தில் நிதானம் இழந்து எடுத்தேன்’ என்று எழுதியிருந்த வரியை என் எதிரிலேயே அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். நிதானமாகத்தான் எடுத்தேன். மற்றவை யாவும் என் வாயிலிருந்து வந்தவை, உண்மை.

(கையொப்பம்)