ஏழு காஜா

பட்டன் நுழையும் காஜாவை எடுக்கும்போது துணிக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்தால் துணி சுருங்காது. பட்டனின் அகலத்தோடு அதன் தடிப்பையும் சேர்த்து அளக்க வேண்டும். தடிப்பைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நான் மறப்பதில்லை.

தையல்கடை என் மாமியாருடையது. அளவெடுப்பதும் வெட்டுவதும் அவர்தான். கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷமும் என்னைக் காஜா போடவே உட்கார வைத்தார். ஒருமுறை கத்தரிக்கோலை எடுத்தேன். கடைக்கு வந்தவர்கள் முன்னால் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார்.

"நீ ஓட்டை போடுற வேலையைப் பாரும்மா. வெட்டறதுக்கு மூளை வேணும்."

எனக்குக் கோபம் வரவில்லை. பாவம், அத்தைக்கு ஓய்வு தேவை என்றுதான் தோன்றியது.

அத்தை எப்போதும் முன்பக்கம் ஏழு பட்டன் வைத்த சட்டைதான் போடுவார். துவைத்து மடிப்பது நான். ஒவ்வொரு துவைப்புக்கும் காஜாவின் முனையில் மிஷினில் இரண்டு தையல் கூட்டினேன். அதே நூல், அதே நெருக்கம். இரண்டு மாதத்தில், பட்டன் போட அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. காஜாவைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதைப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். விரல்களைத்தான் பார்த்தார்.

வயசாகிவிட்டது என்றார் என் கணவர். டாக்டர் நரம்புக்கு மாத்திரை எழுதினார். மாத்திரை சாப்பிட்டபின் கை உண்மையாகவே நடுங்கியது. அதையும் என் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஒருநாள் கோட்டுத் துணி ஒன்றைக் கோணலாக வெட்டிவிட்டு, கத்தரியை அவரே என்னிடம் நீட்டினார்.

"என் விரல் செத்துப்போச்சும்மா. இனி நீயே பாத்துக்க."

அதன்பின் காலையில் நான்தான் அவருக்குப் பட்டன் போட்டுவிட்டேன். பட்டனைச் சற்றே சாய்த்துச் செருகினால் நுழையும். அக்கம்பக்கத்தில் என்னைக் காட்டித்தான் மருமகள்களைத் திட்டினார்கள்.

போன வாரம் நாத்தனார் அம்மாவைப் பார்க்க வந்தாள். வெளிக்கடையில் வாங்கிய ரெடிமேட் சட்டை ஒன்றைக் கொடுத்தாள். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள், நடுங்கும் கையாலேயே ஏழு பட்டனையும் அத்தை போட்டிருந்தார். பிறகு குனிந்து காஜாவைப் பார்த்தார். பழைய சட்டையைக் கொண்டுவரச் சொன்னார்.

"ஏன் அண்ணி இப்படிப் பண்ணினீங்க?" என்று நாத்தனார் அழுதாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். மறைக்க ஒன்றுமில்லை. அத்தை ஜன்னல் வெளிச்சத்தில் என் காஜாக்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அன்றுதான் பார்க்கிறார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.