மாமா தோயினாவின் களி

— அடுப்பைக் கொறைக்காதம்மா. தண்ணி இன்னும் நல்லாக் கொதிக்கணும்.

— எவ்வளவு கொதிக்கணும்னு எனக்குத் தெரியும். எட்டு நாளா எங்கையால சாப்பிட்ட. ஒம்போதாம் நாளு கரண்டியப் புடுங்கிக்கிட்ட. அப்படி என்னா கொறை கண்ட அருளு, என் சமையல்ல?

— ஒரு கொறையும் இல்ல. ஒரு வேளையாவது ஒனக்கு நான் செஞ்சு போடணும்னு ஆசை. காலையிலேருந்து மீன் கூடையோட சுத்திட்டு வந்திருக்க. செத்த உக்காரேன்.

— உக்காந்தாச்சு. சொல்லு, இதுக்குப் பேரு என்னா?

— மமலிகா. மக்காச்சோள மாவு. ருமேனியாவுல இது செய்யாத வூடே கெடையாது.

— களின்னு சொல்லு. கேப்பைக்குப் பதிலு சோளம். இதுக்குத்தான் பொட்டியில ரெண்டு கிலோ மாவச் சொமந்துக்கிட்டு வந்தியா? நாலு வருஷம் கழிச்சு வர்ற புள்ள, அம்மாவுக்கு ஒரு பொடவை எடுத்தாந்தியா?

— ருமேனியாவுல பொடவைக்கு நான் எங்கம்மா போவேன்?

— அது சரி.

— இங்க பாரு. உப்புப் போட்டாச்சு. மாவ மொத்தமாக் கொட்டக் கூடாது. தூத்தல் போடுற மாதிரி ஒரு கையால தூவிக்கிட்டே இருக்கணும், இன்னொரு கையால கிண்டிக்கிட்டே இருக்கணும். அதுவும் ஒரே பக்கமாத்தான். மாத்திக் கிண்டுனா கட்டி தட்டும்னு மாமா சொல்லுவாங்க.

— எந்த மாமா? எந்தம்பியா? அவனுக்குச் சுடுதண்ணி வைக்கவே தெரியாதே.

— அந்த மாமா இல்ல. மாமா தோயினா. கொன்ஸ்தான்சாவுல நான் தங்கியிருக்கிற வூட்டுக்காரம்மா.

— பொம்பளையவா மாமாங்குற?

— அங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க.

— அவங்க பாஷையில மாமான்னா என்னா?

— பேச்சுக் குடுக்காதம்மா, கட்டி தட்டிடும்.

— கட்டியெல்லாம் தட்டல, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மாமான்னா என்னாடா?

— அம்மா.

— என்னடா? சொல்லு.

— அதாம்மா சொன்னேன். மாமான்னா அம்மான்னு அர்த்தம்.

— அவ ஒனக்கு அம்மாவா?

— மரியாதைக்குக் கூப்பிடுறதும்மா.

— மரியாதை எனக்குத் தெரியாதா? மார்க்கெட்டுல நூறு பேரு என்னைய அம்மாங்குறான், ரெண்டு மீனு கூடப் போடச் சொல்லி. நீ அப்படியா கூப்பிட்ட? ஞாயித்துக்கிழமை ஒரு நாளு எனக்குப் போன் பண்ணுவ. சாப்பிட்டேன், நல்லாருக்கேன், வச்சிடவா. மிச்ச ஆறு நாளும் அம்மா அம்மான்னு அவளக் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்க. பாக்க எப்படி இருப்பா?

— கொஞ்சம் குண்டா இருப்பாங்க. அறுபத்தஞ்சு வயசு. மூட்டு வலி, நடக்கச் செரமப்படுவாங்க.

— எனக்கும்தான் மூட்டு வலி. நீ வந்து எட்டு நாளாச்சு, என்னைக்காச்சும் கேட்டியா?

— அவங்க ஒன்னப் பத்தி நெறைய விசாரிப்பாங்கம்மா. ஒங்கம்மா என்ன சமைப்பாங்கன்னு ஒரு நாளு கேட்டாங்க. கெழங்கா மீனு அங்க கெடைக்கல, வேற ஏதோ கடல் மீனு வாங்கி, நீ வைக்கிற மாதிரியே கொழம்பு வச்சுக் குடுத்தேன். காரத்துல கண்ணுல தண்ணி ஊத்துது, ஆனாலும் தொடச்சித் தொடச்சிச் சாப்பிட்டாங்க.

— எங்கொழம்ப அவ அடுப்புல ஏத்துனியா? என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?

— கொழம்பு வைக்க ஒன்னைய எதுக்கும்மா கேக்கணும்?

— எல்லாரும் எங்கையி மாதிரி வராதுன்னு சொல்ற கொழம்பு அது. ஒங்கப்பா போனப்புறம் அதுக்குன்னு வாய்விட்டுக் கேக்க ஆளில்லாம நானே வச்சு நானே தின்னேன். அவ ஓசியில தின்னுருக்கா.

— ஓசியில இல்ல. மொத வருஷம் பனி கொட்டுனப்ப எனக்கு நெஞ்சுல சளி கட்டிக் காச்சல் வந்துடுச்சு. கப்பல் பட்டறைக்கு வெல்டிங் வேலைக்கும் போவ முடியல. ஒம்போது நாளு எந்திரிக்கல. அவங்கதான் அந்தக் காலோட மாடி ஏறி வந்து, இந்த மமலிகாவப் பால்ல கரைச்சு ஊட்டிவிட்டாங்க. அன்னையிலேருந்துதான் மாமான்னு கூப்பிடுறேன்.

— ஒம்போது நாளா?

— ம்.

— ஒம்போது நாளு காச்சல்ல கெடந்திருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

— சொன்னா என்னா பண்ணுவ? அழுவ.

— அழுவேன். ஒனக்குக் காச்சல்னா அழுவறதுக்குத்தான் நான் இருக்கேன். அதக்கூட அவகிட்டத் தூக்கிக் குடுத்துட்டியேடா.

— யம்மா…

— கிண்டு. அடிபிடிக்குது.

— ஆயிடுச்சு. கரண்டிய நட்டா நிக்கணும். பாரு, நிக்குதுல்ல? அந்தச் சப்பாத்திப் பலகையக் குடு, கவுத்திடுறேன்.

— இந்தா. கத்தி?

— கத்தி வேணாம். நூலாலதான் அறுக்கணும்.

— பூ கட்டுற நூலு கெடக்கு. இதுவும் அவ சொல்லிக் குடுத்ததா?

— ஆமா. பாரு, எவ்வளவு நறுவிசா அறுபடுது. கீழ ஒரு அடுக்கு. அதுமேல இந்தச் சீஸ உதுத்துப் போடணும். செம்மறி ஆட்டுப் பாலுல செஞ்சது, கரிக்கும். மேல திரும்ப ஒரு அடுக்கு. அங்க புளிச்ச கிரீம் ஊத்துவாங்க, நான் கெட்டித் தயிரு எடுத்து வச்சிருக்கேன். சூட்டுல சீஸு எளகி எறங்கும் பாரு.

— வாடை அடிக்குது.

— மீன் விக்கிற நீயா வாடைங்குற?

— அது நமக்குச் சோறு போட்ட வாடை. இது யார் வூட்டு வாடையோ. எல்லாம் ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். பட்டினத்துல எந்தம்பி வூட்டுக்குப் போறோம், அவன் மகளுக்குப் பூ வச்சு நிச்சயம் பண்ணிட்டு வர்றோம். பாரதிப்ரியாகிட்டச் சொல்லிட்டேன், எங்கூட ஒரு மாசம் இருந்து எங்கையி பக்குவத்தக் கத்துக்கன்னு. அவ வந்துட்டா எந்த மாமாவும் ஒனக்கு ஊட்ட வேணாம்.

— யம்மா, அதப் பத்தித்தான் நான் ஒங்கிட்ட…

— என்னா?

— ஒண்ணுமில்ல. மொதல்ல ஒரு வாய் சாப்பிடு.

— எனக்கு வேணாம்.

— அவங்க செஞ்சதில்லம்மா, நான் செஞ்சது. ஒரே ஒரு வாய். இந்தா, வாங்கிக்க. ஆ… எப்படி இருக்கு? உப்புக் கூடவா? ஏம்மா அப்படிப் பாக்குற?

— இன்னொரு வாய் குடு.

— புடிச்சிருக்கா?

— குடுன்னா குடுடா.

— இந்தா. ஆ…

— புள்ளைக்கு எத்தினி மாசம் ஆவுது?

— எந்தப் புள்ளைக்கும்மா?

— இத்துனூண்டு பிச்சு, ஊதி, ஒதட்டுல வச்சுச் சூடு பாத்து, வெரலால மசிச்சுக் குடுக்குற. எனக்குக் குடுக்கையில ஒன் வாயி தன்னால தொறக்குது. தெனம் புள்ளைக்கு ஊட்டுறவங்களுக்குத்தான் அப்படித் தொறக்கும். ஒன்னையும் நான் அப்படித்தான் ஊட்டி வளத்தேன். எங்கிட்ட மறைக்காத.

— பதினோரு மாசம். பொண்ணு.

— பெத்தவ யாரு?

— மாமா தோயினாவோட மக. இலியானா. ஆபீசுல எழுதிக் கல்யாணம் பண்ணி ரெண்டு வருஷமாச்சு. நீ போன்ல பாரதிப்ரியா பாரதிப்ரியான்னு சொல்லச் சொல்ல எனக்கு வாயே வரலம்மா. நேருல சொல்லிடணும்னுதான் லீவு போட்டுட்டு வந்தேன். எட்டு நாளா முடியல. வேணும்னா என்னைய அடி.

— எந்தம்பி மூஞ்சியில எப்படி முழிக்கப் போறேன்னு நாளைக்கு அழுதுக்கிறேன். இப்பப் புள்ள எங்க இருக்கு?

— இலியானா வேலைக்குப் போயிருப்பா. இந்நேரம் மாமாகிட்டத்தான் இருக்கும்.

— மடியிலயா?

— மடியிலதாம்மா.

— போனைப் போடு. பதினோரு மாசம் வச்சிருந்தது போதும், எம் பேத்திய மடியிலேருந்து எறக்கச் சொல்லு அவள. நான் பாக்கணும்.